வடகரை வரலாறு – 14: அப்பன் வீட்டுச் சாவி

டச்சுக்காரர் கட்டிய பழவேற்காட்டு ஜெல்திரியா கோட்டையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்த திருவொற்றியூர் வாசகர் ஒருவர் கேட்டார்: “துணி வாங்க வந்தவர்களுக்குக் கோட்டை எதற்கு? அவர்கள் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, அதற்குள் சாந்தோம் போர்த்துக்கீசியர் அவர்களுடைய கிடங்கை ஏன் அழித்தார்கள்? இரண்டு பேருக்கும் இங்கே என்ன வரப்புத் தகராறா?”

நல்ல கேள்வி. தகராறு இங்கே பிறந்ததல்ல. எண்ணூர் முகத்துவாரத்துக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவே கிடக்கிறதே, உப்பங்கழியும் மணல்திட்டும் சேற்று நிலமுமாக ஒரு கரை, அதைப் போன்ற ஒரு கரையில்தான் அது பிறந்தது. வடக்கு ஐரோப்பாவில் ரைன், மாஸ், ஸ்கெல்டு ஆறுகள் கடலில் விழும் கழிமுகம் அது. அந்த மண்ணை ஆண்ட ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பை எதிர்த்து 1568-ல் டச்சுக்காரரின் போர் மூண்டது. 1580-ல் பிலிப் போர்த்துக்கல் முடியையும் தன் வசமாக்கிக்கொண்டார். அன்றுமுதல் ஸ்பெயினின் எதிரி போர்த்துக்கலுக்கும் எதிரி. லிஸ்பன் சந்தை கைவிட்டுப் போன டச்சு வணிகர்கள் மிளகுக்கும் துணிக்கும் நேராகக் கிழக்கே கப்பல் விட்டார்கள். 1612-ல் சாந்தோமிலிருந்து கிளம்பிப் பழவேற்காட்டைத் தாக்கியவர்கள் அந்தப் பழைய கணக்கைத்தான் இங்கே தீர்க்கப் பார்த்தார்கள். மறு ஆண்டே வெம்மர் வான் பெர்கெம் கோட்டையை எழுப்பி, தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரை அதற்கு வைத்தார்.

1568-ல் மூண்ட அந்தப் போரை ஒரு மனிதரின் வாழ்க்கை வழியாகச் சொல்வதுதான் எளிது என்று தோன்றுகிறது. அவர் இந்தக் கரைக்கு வந்தவரல்ல. ஆனாலும் இந்தத் தொடரில் அவருக்கு ஓர் அத்தியாயம் உண்டு. அவர் பெயர் யுஸ்டினுஸ் வான் நாசாவ்.

டச்சுக் கலகத்தின் தலைவர் ஆரஞ்சு இளவரசர் வில்லியம். ‘மௌனி’ என்று வரலாறு அவருக்குப் பட்டம் சூட்டியிருக்கிறது. அவருடைய முதல் மனைவி அன்னா 1558-ல் இறந்துபோனார். இரண்டாம் திருமணம் 1561-ல். இடைப்பட்ட காலத்தில் ஏவா எலிங்க்ஸ் என்ற பெண்ணிடம் அவருக்குப் பிறந்த பிள்ளைதான் யுஸ்டினுஸ். பிறந்தது 1559 செப்டம்பர். ஏவா, எமெரிக் நகர மேயர் ஒருவரின் மகள் என்பார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றும் மிஞ்சவில்லை. அப்பாக்களைப் பற்றிக் கட்டுக்கட்டாக எழுதிவைத்த காலம், இப்படிப்பட்ட அம்மாக்களுக்கு ஒரு வரிதான் ஒதுக்கியது.

இப்படிப் பிறந்த பிள்ளைகளுக்கு நம் ஊரில் வழங்கும் சொல்லை நான் எழுதப் போவதில்லை. பிள்ளை செய்யாத பிழையைப் பிள்ளையின் பெயராக்கும் சொல் அது. வில்லியம் இந்த மகனை ஒளித்துவைக்கவில்லை. நாசாவ் என்ற குடும்பப் பெயரைக் கொடுத்தார், மற்ற பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தார், லைடனில் படிக்கவைத்தார். கொடுக்க முடியாதது ஒன்றுதான்: பங்கு. பட்டம், நிலம், கோட்டை எதிலும் அவருக்கு உரிமை இல்லை.

1584 ஜூலை 10 அன்று டெல்ஃப்ட் நகரில், தன் வீட்டு மாடிப்படி அருகே வில்லியம் சுட்டுக்கொல்லப்பட்டார். மூத்த மகன் பிலிப்ஸ் வில்லெம், 1568-ல் படிக்கிற இடத்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்டு அப்போதும் ஸ்பெயினில் இருந்தார். மூத்தவர் அங்கே சிக்கியிருக்க, தலைமை அடுத்த மகன் மௌரிட்ஸிடம் போனது. அவருக்கு வயது 16. யுஸ்டினுஸுக்கு 24. படித்தவர், வயதில் எட்டு ஆண்டு மூத்தவர். அவரைத் தலைவராக்கலாம் என்று யாரும் யோசித்ததாகவே தெரியவில்லை. அவரும் கேட்டதாகத் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்கத் தம்பிகளுக்குக் கீழேதான் அவர் வேலை பார்த்தார்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்குக் கர்ணன் நினைவு வரும். எனக்கு விதுரன் நினைவுதான் வருகிறது. அரண்மனையிலேயே பிறந்து, அரண்மனையிலேயே வளர்ந்து, அரியணை தனக்கு இல்லை என்று தெரிந்தும் அந்த வீட்டைவிட்டுப் போகாதவன் விதுரன்.

1585 பிப்ரவரியில் ஸீலாந்து மாகாணத்தின் துணைத் தளபதி-அட்மிரல் பதவி யுஸ்டினுஸுக்கு வந்தது. வந்த நேரம் சரியில்லை. ஸ்பெயின் தரப்பின் மாபெரும் தளபதியான பார்மா கோமகன், ஆண்ட்வெர்ப் நகரைச் சூழ்ந்திருந்தார். நகரத்துக்குக் கடல்வழி உணவு வரக்கூடாதென்று ஸ்கெல்டு ஆற்றின் குறுக்கே மரத்தூண்களையும் படகுகளையும் சேர்த்து ஒரு பாலமே கட்டிவிட்டார். ஏப்ரல் மாத இரவொன்றில் நகரத்துக்காரர்கள் வெடிமருந்து அடைத்த கப்பல்களை ஆற்றோட்டத்தில் மிதக்கவிட்டார்கள். அதில் ஒன்று பாலத்தில் மோதி வெடித்தது. நூற்றுக்கணக்கான வீரர்கள் ஒரு நொடியில் மாண்டார்கள், பாலம் பிளந்தது. திறந்த வழியில் உணவுக் கப்பல்களோடு நுழைய யுஸ்டினுஸின் ஸீலாந்துப் படை ஆற்றின் கீழ்ப்பக்கம் காத்திருந்தது. பாலம் உடைந்தால் வானில் ஒரு வாணம் விட வேண்டும் என்பது ஏற்பாடு. வாணம் எழவில்லை. விடிவதற்குள் பார்மா ஓட்டையை அடைத்துவிட்டார்.

ஒரு வாணம். அது எழுந்திருந்தால் ஆண்ட்வெர்ப் பிழைத்திருக்கலாம். ஆகஸ்டில் நகரம் விழுந்தது. வணிகர்களும் கைவினைஞர்களும் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே போனார்கள். அவர்களுடைய பணமும் அனுபவமும் சேர்ந்துதான் ஆம்ஸ்டர்டாம் வளர்ந்தது. 1602-ல் கிளம்பிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதலீட்டிலும் அந்த அகதிகளின் காசு இருந்தது. பழவேற்காட்டுக்கு வந்த கப்பல்களுக்குப் பின்னால் ஆண்ட்வெர்ப்பின் வீழ்ச்சியும் இருக்கிறது.

மூன்று வருடம் கழித்து யுஸ்டினுஸ் கணக்கைச் சரிசெய்தார். 1588-ன் ஸ்பானிய அர்மாடாவைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். சுமார் 130 கப்பல்கள். இங்கிலாந்தைப் பிடிக்க வந்தன, டிரேக்கும் புயலும் சேர்ந்து அழித்தார்கள் என்பது ஆங்கிலேயர் சொல்லிக்கொடுத்த கதை. அது பாதிக் கதை. அர்மாடாவின் வேலை கடல்வழியைக் காப்பது. இங்கிலாந்தில் இறங்க வேண்டிய தரைப்படை பார்மாவிடம், ஃபிளாண்டர்ஸ் கரையில் டன்கிர்க்கிலும் நியூபோர்ட்டிலும், தட்டையான சுமைப்படகுகளோடு நின்றது. அந்தப் படகுகள் கரையைவிட்டுக் கடலுக்குள் வந்து அர்மாடாவைச் சேர வேண்டும். வர முடியவில்லை. வழியில் யுஸ்டினுஸ் நின்றார்.

இதைப் புரிந்துகொள்ள வடசென்னைக்காரருக்குப் புத்தகம் தேவையில்லை. ஃபிளாண்டர்ஸ் கரையும் நம் கரைபோல மணல்திட்டு நிறைந்தது. ஆழமாக மூழ்கும் பெரிய கப்பல் கரைக்கு வந்தால் தரைதட்டும். சென்னைத் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும்தான் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை இறக்கின. ஆணியடித்து இறுக்கிய படகு அந்த அலையில் உடைந்துவிடும். தைத்த படகு வளைந்துகொடுக்கும். கரையை அறிந்தவன் கையிலிருக்கும் சின்னப் படகு, அறியாதவனின் பெருங்கப்பலை வெல்லும் இடம் இப்படிப்பட்ட கடல்தான். யுஸ்டினுஸின் கப்பல்கள் ஆழமில்லாத நீரில் ஓடும் சிறு போர்க்கப்பல்கள். அர்மாடாவின் பெருங்கப்பல்கள் அந்தத் திட்டுகளுக்குள் வந்து அவற்றை விரட்ட வழியில்லை. பார்மாவின் சுமைப்படகுகளிலோ பீரங்கிக்கு வழியில்லை. பல ஆயிரம் வீரர்கள் கரையில் நின்று கடலைப் பார்த்ததோடு சரி.

கிராவ்லைன்ஸ் அருகே ஆங்கிலேயரோடு நடந்த சண்டையில் அடிபட்டுக் கரை ஒதுங்கிய சான் மாத்தேயோ, சான் பெலிப்பே என்ற இரு பெருங்கப்பல்களை யுஸ்டினுஸின் படை பிடித்தது. இரண்டுமே அர்மாடாவின் போர்த்துக்கல் பிரிவைச் சேர்ந்தவை. சான் மாத்தேயோவின் நீண்ட கொடியை டச்சுக்காரர்கள் இறக்கி எடுத்துப் போனார்கள். அந்தக் கொடியை மறந்துவிடாதீர்கள்.

அடுத்துப் பிரெடா. நாசாவ் குடும்பத்தின் பரம்பரைக் கோட்டை இருந்த ஊர் அது. குடும்பத்தின் முன்னோர் அந்த ஊர்ப் பெரிய தேவாலயத்தில் புதைந்திருக்கிறார்கள். 1590-ல் அது ஸ்பெயின் கையில் இருந்தது. கோட்டைக் காவலர்களுக்கு அடுப்பெரிக்கச் சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகள் படகில் வரும். பக்கிங்காம் கால்வாயில் சவுக்கு விறகு ஏற்றி பேசின்பிரிட்ஜுக்கு வந்த படகுகளைப் பார்த்த பெரியவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வழக்கமான படகு என்பதால் யாரும் கிளறிப் பார்க்க மாட்டார்கள். கரிமண்ணுக்கு அடியில் சுமார் 70 வீரர்கள் நாள்கணக்கில் குளிரில் முடங்கிக் கிடந்து உள்ளே போனார்கள். மார்ச் மாத இரவில் கோட்டை விழுந்தது. படையை அனுப்பியவர் மௌரிட்ஸ், தலைமை தாங்கியவர் எரோஜியேர் என்ற அதிகாரி. யுஸ்டினுஸுக்கு அதில் பங்கில்லை. ஆனால் அந்த ஊர் அவருக்காகக் காத்திருந்தது.

1597-ல் மெரோட் பிரபுக் குடும்பத்து அன்னாவை மணந்தார். மறு ஆண்டு பிரான்சு மன்னர் நான்காம் ஹென்றியிடம் தூது போன குழுவில் இருந்தார். 1601-ல் பிரெடாவின் ஆளுநராக நியமிக்கப்பட்டார். அடுத்த 24 ஆண்டுகள் அங்கேதான்.

இந்த நியமனத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அது அவருடைய அப்பாவின் கோட்டை. அவர் அங்கே வாரிசாக வரவில்லை, சம்பளத்துக்கு வந்தார். 1610-ல், ஸ்பெயினிலிருந்து விடுபட்டிருந்த மூத்தவர் பிலிப்ஸ் வில்லெம் ‘பிரெடாவின் பிரபு’ என்ற முறையில் ஊருக்குள் விமரிசையாக நுழைந்தார். அப்போதும் கோட்டைக் காவலும் படையும் யுஸ்டினுஸ் பொறுப்பு. பட்டா அண்ணன் பெயரில், காவல் இவர் பெயரில். வீடு யாருடையது என்று அந்த நாளில் அவரைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

இதே ஆண்டுகளில் நம் கரைக்குப் பின்னாலிருந்த பேரரசிலும் ‘யார் மகன்’ என்ற கேள்வி எழுந்தது. 1610-ல் டச்சுக்காரருக்குப் பழவேற்காட்டில் இடம் கொடுத்தவர் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடர். பல அரசிகள், ஆனால் பிள்ளை இல்லை. அரசிகளில் ஒருத்தி ஒரு குழந்தையைக் காட்டி, இது மன்னருக்குப் பிறந்தது என்றாள். அது இரவல் பிள்ளை என்பது மன்னருக்கே தெரியும் என்று அக்காலத்து ஏசுசபைப் பாதிரிமார் எழுதிவைத்தார்கள். வேங்கடர் தன் அண்ணன் மகன் ஸ்ரீரங்கருக்கு முடியைக் கொடுத்துவிட்டு 1614-ல் கண்ணை மூடினார். அரசியின் உறவினர் ஜக்கராயர் அந்தப் பிள்ளையை முன்னிறுத்தி, ஸ்ரீரங்கரைச் சிறைப்பிடித்துக் குடும்பத்தோடு கொன்றார். தப்பியது ஒரே ஒரு சிறுவன், ராமதேவன். ஸ்ரீரங்கர் பக்கம் நின்ற யாசம நாயக்கரின் ஏற்பாட்டில், அழுக்குத் துணி மூட்டைக்குள் வைத்து ஒரு சலவைத் தொழிலாளி அவனை வெளியே கொண்டுபோனதாகப் பாதிரியார் குறிப்பு சொல்கிறது. அந்த மனிதரின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆங்கிலேயக் கம்பெனித் துணிகளை வெளுத்தவர்கள் குடியேறியதால் வண்ணாரப்பேட்டை என்று பெயர் பெற்ற ஊருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒரு பேரரசின் வாரிசைத் தோளில் சுமந்தவருக்கு அந்தப் பேட்டையில் ஒரு தெருப் பெயராவது இருந்திருக்கலாம்.

பிறகு நடந்தது தெரிந்ததுதான். தஞ்சை ரகுநாத நாயக்கர் யாசமர் பக்கம், மதுரையும் செஞ்சியும் ஜக்கராயர் பக்கம். 1616–17-ல் காவிரிக் கரையில் தோப்பூரில் பெரும்போர். ஜக்கராயர் மாண்டார், ராமதேவர் மன்னரானார், ஆனால் பேரரசு பழையபடி நிமிரவே இல்லை. இங்கே ஒரு குழந்தையின் பிறப்பை வைத்துத் தமிழ்நாடே இரண்டு பட்டது. அங்கே பிறப்பால் ஒதுக்கப்பட்ட ஒருவர், தனக்கு எழுதிவைக்காத ஊரின் மதிலைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது யுஸ்டினுஸின் மௌனம் எனக்கு அடங்கிப்போனவனின் மௌனமாகத் தெரியவில்லை. உரிமையைப் பொறுப்பிலிருந்து பிரித்துப் பார்க்கத் தெரிந்தவராக அவர் இருந்திருக்கிறார்.

ஸ்பெயினோடு 1609-ல் தொடங்கிய பன்னிரண்டு ஆண்டுப் போர்நிறுத்தம் 1621-ல் முடிந்தது. (அந்தச் சமாதானக் காலத்துக்குள்தான் 1612 பழவேற்காட்டுத் தாக்குதல் நடந்தது. ஐரோப்பாவில் கையெழுத்தான சமாதானம் நம் கடலுக்கு வந்து சேரவில்லை.) 1624 ஆகஸ்ட் இறுதியில் ஸ்பானியத் தளபதி அம்ப்ரோஜியோ ஸ்பினோலா பிரெடாவைச் சூழ்ந்தார். அவர் மதிலை உடைக்க முயலவில்லை. ஊரைச் சுற்றி அகழியும் மண்கரையும் எழுப்பி, உள்ளே இருப்பவர்களைப் பசியிடம் ஒப்படைத்தார்.

ஒன்பது மாதம். குளிர்காலம் போனது, தானியம் தீர்ந்தது, கொள்ளைநோய் வந்தது. யுஸ்டினுஸுக்கு வயது 65. வெளியிலிருந்து மீட்க வேண்டிய தம்பி மௌரிட்ஸ் நோயில் விழுந்து 1625 ஏப்ரல் 23 அன்று ஹேக் நகரில் இறந்தார். அடுத்த தம்பி ஃபிரெடெரிக் ஹென்ட்ரிக் பொறுப்பேற்றார். மே மாதத்தில் ஆங்கிலேயத் தளபதி ஹொரேஸ் வேர் தலைமையில் முற்றுகையை உடைக்கச் செய்த முயற்சி தோற்றது. இனி உதவி வராது.

கடைசி ஆள்வரை சண்டை போட்டுச் சாவதைக் கொண்டாடும் மரபு எல்லா நாட்டிலும் உண்டு, நம்மிடமும் உண்டு. யுஸ்டினுஸ் அதைச் செய்யவில்லை. பேசினார். படைவீரர்கள் ஆயுதத்தோடு, கொடி பறக்க, முரசு முழங்க வெளியேறலாம் என்ற நிபந்தனையை வாங்கினார். ஜூன் 2 அன்று உடன்பாடு, ஜூன் 5 அன்று வெளியேற்றம். காவற்படையில் சுமார் 3,500 டச்சு வீரர்களும் 600-க்கும் குறைவான ஆங்கிலேயரும் உயிரோடு நடந்து வந்தார்கள். ஸ்பினோலா தோற்றவர்களை அவமதிக்கவில்லை, மரியாதையோடு எதிர்கொண்டார். என் கணக்கில், யுஸ்டினுஸ் வாழ்க்கையில் 1588-க்கு அடுத்தபடியான வெற்றி இந்தத் தோல்விதான். பட்டினியால் செத்திருக்க வேண்டிய ஆயிரக்கணக்கானோர் அன்று மதிலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தார்கள்.

உலகம் அவரை நினைவில் வைத்திருப்பதும் அந்த நாளுக்காகத்தான். பத்து ஆண்டு கழித்து, 1634–35-ல், மாட்ரிட் அரண்மனை மண்டபத்துக்காக வெலாஸ்கெஸ் தீட்டிய ‘பிரெடாவின் சரணாகதி’ ஓவியம் இன்று பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வலப்பக்கம் ஸ்பானியர், காடுபோல நிமிர்ந்த ஈட்டிகள். இடப்பக்கம் களைத்த டச்சு வீரர்கள். நடுவில் யுஸ்டினுஸ் குனிந்து சாவியை நீட்டுகிறார். குதிரையிலிருந்து இறங்கிய ஸ்பினோலா, அவர் மண்டியிட்டுவிடாதபடி தோளில் கை வைத்துத் தடுக்கிறார். சாவி கொடுக்கும் காட்சி முன்னரே ஸ்பானிய நாடகாசிரியர் கால்டெரோனின் நாடகத்தில் வந்துவிட்டது. வெலாஸ்கெஸ் நெதர்லாந்துக்குப் போனவரல்ல. ஸ்பினோலாவோடு கப்பலில் இத்தாலிக்குப் போயிருக்கிறார், அவர் முகம் தெரியும். ஓவியம் முடியுமுன்பே ஸ்பினோலாவும் யுஸ்டினுஸும் இறந்திருந்தார்கள்.

ஓவியத்தின் அச்சுப்படியைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அந்தச் சாவிக்குத்தான் போகிறது. அது அவருடைய அப்பன் வீட்டுச் சாவி. அவருக்கு ஒருநாளும் சொந்தமாகாத வீடு. அதைக் கொடுக்க வேண்டிய நாளில் மட்டும் கை அவருடையது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. யுஸ்டினுஸ் பிரெடாவில் பசியோடு போராடிய அதே 1620-களில், அவருடைய நாட்டு வணிகர்கள் பழவேற்காட்டிலிருந்து மனிதர்களை ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார்கள். பஞ்சத்தில் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களை வாங்கி, படேவியாவுக்கு அடிமைகளாக அனுப்பினார்கள். அடுத்தடுத்த பத்தாண்டுகளில் அந்தக் கணக்கு ஆயிரமாயிரமாக ஏறியது. ஜெல்திரியாவில் தயாரான வெடிமருந்து ஆசியா முழுவதிலும் டச்சுக் கோட்டைகளுக்குப் போனது. விடுதலைக்குப் போராடிய மக்கள்தான் இதைச் செய்தார்கள். பழவேற்காட்டுத் துணி போன வழியில் ஒரு பெயர் மட்டும் அழகாகத் தங்கியிருக்கிறது: மலேசியாவில் கைலியை இன்றும் ‘காயின் பெலிக்காட்’ என்கிறார்கள். பெலிக்காட் என்பது நம் பழவேற்காடுதான். அதே கடல்வழியில் போன மனிதர்களின் பெயர்கள் எங்கும் தங்கவில்லை.

பழவேற்காட்டில் டச்சுக்காரருக்கு இருந்த பிடிதான் ஆங்கிலேயரைத் தெற்கே தள்ளியது. டச்சுக்காரரோடு செய்த 1619 உடன்படிக்கைப்படி 1621-ல் பழவேற்காட்டில் பங்கு கேட்டு வந்த ஆங்கிலேயர், காவற்படைச் செலவில் பாதியைக் கட்ட மாட்டாமல் சீக்கிரமே வெளியேறினார்கள். 1626-ல் வடக்கே ஆர்மகானில் கிடங்கு போட்டுப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. பிறகு அவர்களுடைய அதிகாரி பிரான்சிஸ் டே தெற்கே இடம் தேடிப் போய், 1639-ல் மதராசபட்டினத்து மணல்வெளியை மானியமாகப் பெற்றார்.

மீண்டும் பிரெடாவுக்கு வருவோம். அதை 1637-ல் ஃபிரெடெரிக் ஹென்ட்ரிக் திரும்பப் பிடித்தார். யுஸ்டினுஸ் அதைப் பார்க்க இல்லை. சாவியைக் கொடுத்தபின் அவர் படித்த ஊரான லைடனுக்கே குடிபோனார். 1631 ஜூன் 26 அன்று அங்கே இறந்தார், வயது 71. அந்த ஊர்ப் புனித பேதுரு தேவாலயத்தில், கூரைக்குக் கீழே நீளமாக ஒரு கொடியைத் தொங்கவிட்டிருந்தார்கள். சான் மாத்தேயோ கப்பலிலிருந்து இறக்கிய கொடி.

(அடுத்த இதழில்: எலும்புக்கூடு செதுக்கிய வாசல் – பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டம்)